ஒத்தை லாரிக்கு நிரந்தர லோடு: நாமக்கல் ஓனர் டிரைவர் ஒருத்தரோட கணக்கு, ஆகஸ்ட் 2022 முதல் மார்ச் 2024 வரை

பின்னணி

நான் நாமக்கல்ல லாரிக்காரங்களுக்கு டிரிப் கணக்கு எழுதறவன். முப்பது நாப்பது வண்டியோட கணக்கு என் டேபிளுக்கு வரும், அதுல பாதிக்கு மேல ஒத்தை வண்டிய வெச்சு தானே ஓட்டறவங்க. இது அதுல ஒருத்தரோட விஷயம். பேரும் ஊரும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, கணக்கை மட்டும் போட்டுக்கோங்கண்ணா, புதுசா வண்டி எடுக்கறவனுக்கு ஆகும்னாரு.

ராசிபுரம் பக்கம். வயசு முப்பத்தஞ்சு. பதினோரு வருஷம் அடுத்தவங்க வண்டி ஓட்டினவரு, மகாராஷ்டிரா, குஜராத் எல்லாம் கண்ணைக் கட்டி விட்டாலும் போயிட்டு வந்துருவாரு, இந்தியும் பேசுவாரு. ஆகஸ்ட் 2022ல 2019 மாடல் பத்து வீல் வண்டி ஒண்ணு 19 லட்சத்துக்கு எடுத்தாரு. கைக்காசும் வீட்டுக்காரம்மா நகைய அடகு வெச்சதும் சேர்த்து நாலரை லட்சம், மீதி 14.5 லட்சம் பைனான்ஸ். மாசம் 45,300 டியூ (கடன் தவணை), 42 மாசம். ஆர்சில மொத்த எடை 28 டன், வண்டி காலி எடை 9.4 டன், ஆக ஏத்த முடிஞ்சது பதினெட்டரை டன் சொச்சம்.

டியூ போக இன்சூரன்ஸ் இருக்கு, இந்த எடை வண்டிக்கு அப்போ மூணாம் நபர் பிரீமியம் மட்டுமே 43,950. நேஷனல் பர்மிட் வருஷத்துக்கு 16,500. ரோட்டு வரி, டயர், ஆயில், பட்டறை செலவு, எல்லாத்தையும் பன்னெண்டா வகுத்தா மாசம் 18,000 எடுத்து வெச்சே ஆகணும். அதாவது வண்டி நின்னாலும் ஓடினாலும் மாசம் 63,300 வேணும். இந்த நம்பரை வண்டி எடுக்கறப்ப அவரு போட்டுப் பாக்கல, நானும் கேக்கல. எடுத்ததுக்கு அப்புறம்தான் என்கிட்ட கணக்குக்கே வந்தாரு.

முதல் அஞ்சு மாசம்

செப்டம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சாரு. புக்கிங் ஆபீஸ்ல போய் உக்கார்றது, தெரிஞ்ச புரோக்கருங்களுக்கு போன் போடறது, போன்ல லோடு ஆப் ரெண்டு வெச்சுக்கிட்டு எவன் டன்னுக்கு நூறு ரூபா கூட குடுக்கறானோ அங்க போறது. சூரத், நாக்பூர், புனே, விஜயவாடா, ஐதராபாத்னு அஞ்சு ஊருக்கு, அஞ்சு மாசத்துல 11 டிரிப். ஒவ்வொரு டிரிப்பும் போக வர செலவு போக சராசரியா 21,000 நின்னுது, அதைப் பாத்தா மோசம்னு சொல்ல முடியாது, ஆனா மாசத்துக்கு ரெண்டு டிரிப்தான் வருது. மொத்தம் 2.31 லட்சம். அஞ்சு மாச டியூவே 2,26,500. பட்டறைக்கும் டயருக்கும் எடுத்து வெக்க வேண்டிய 90,000 எங்க இருந்து வரும்? வரல. ரெண்டு டியூ பவுன்ஸ் ஆச்சு.

இதுக்கு நடுவுல நவம்பர்ல ஒண்ணு. ஒரு புரோக்கர் ஸ்டார்ச் மூட்டை லோடுக்கு டன் கணக்குல வாடகை பேசி, ரெண்டு டன் கூட ஏத்திக்கோங்க, அஞ்சாயிரம் கூட வரும்னு சொல்ல, டியூ தேதி நெருங்கறதால இவரும் சரின்னு ஏத்திட்டாரு. ஓசூர் போறதுக்குள்ள எடை மேடைக்கு விட்டுப் பாத்துட்டாங்க. அதிக பாரத்துக்கு அடிப்படை அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொண்ணுக்கும் 2,000, ஆக 24,000. அது மட்டும் இல்ல, கூட இருக்கற மூட்டைய இறக்கினாத்தான் வண்டிய விடுவாங்க, அதுக்கு சின்ன வண்டி ஒண்ணு பிடிச்சு, ஆள் வெச்சு, ராத்திரி ஒரு மணிக்கு ரோட்டோரத்துல மூட்டை மாத்திருக்காரு. புரோக்கர் போன் எடுக்கல. அந்த டிரிப்ல கையில இருந்து போனதுதான் மிச்சம். அபராதம் கட்டினது சட்டப்படி சரிதான், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அஞ்சாயிரத்துக்கு ஆசைப்பட வெச்சது டியூ தேதி.

ஜனவரி கடைசில பாக்கி நிக்கற வாடகை மட்டும் 1,38,000. நாலு பேர்கிட்ட. லோடு இறக்கி எல்ஆர்ல (லாரி ரசீது) சீல் வாங்கி அனுப்பியாச்சு, ஆனா ஒருத்தன் சரக்குக்காரப் பார்ட்டி இன்னும் குடுக்கலங்கறான், ஒருத்தன் ரெண்டு மூட்டை கிழிஞ்சிருக்குங்கறான், ஒருத்தன் அடுத்த லோடு எடு அதுல சேர்த்துத் தர்றேங்கறான். இந்த மூணாவது ஆள்தான் ஆபத்து, ஏன்னா பழைய பாக்கி வரணுமேன்னு பயந்து அவன்கிட்டயே திரும்பத் திரும்ப லோடு எடுக்க வேண்டி வருது.

நோட்டுல தெரிஞ்சது

பிப்ரவரி முதல் வாரம் என் ஆபீஸ்ல வந்து உக்காந்தாரு. "அண்ணா, வண்டிய வித்துட்டு திரும்ப ஸ்டேரிங் புடிக்கப் போயிரலாம்னு இருக்கேன், லோடே கிடைக்க மாட்டேங்குது." நான் ஒண்ணு மட்டும் கேட்டேன், அஞ்சு மாசத்துல எத்தனை நாள் தம்பி வண்டி உருண்டுச்சு? அவருக்குத் தெரியல. ஒரு நூறு நாள் இருக்கும்னாரு.

அவருகிட்ட ஒரு நல்ல பழக்கம், டைரில தினமும் எங்க இருக்கோம்னு ஒரு வரி எழுதிடுவாரு, டீசல் சீட்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருப்பாரு. ரெண்டு பேரும் உக்காந்து செப்டம்பர் 1ல இருந்து ஜனவரி 31 வரை 153 நாளையும் பேப்பர்ல கட்டம் போட்டு எழுதினோம். ஓடினது 57 நாள். நின்னது 96 நாள். அந்த 96ல ரிட்டன் லோடுக்காக (திரும்பி வர்றப்ப ஏத்தற சரக்கு) வெளியூர்ல நின்னது 41, இறக்கறதுக்கு கேட்ல நின்னது 23, இங்க லோடு ஏத்த நின்னது 19, பட்டறை 7, பண்டிகை வீட்டு விசேஷம் 6.

அந்த 41ஐப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. சூரத்ல மட்டும் ஒரே தடவையில ஒம்பது நாள். அங்க துணி பார்சல் எல்லாம் பெரிய டிரான்ஸ்போர்ட்காரங்க கையில, வெளியூர் ஒத்தை வண்டி போய் நின்னா கடைசி வரிசைதான். போறப்ப டன்னுக்கு நூறு ரூபா கூட கிடைச்சுதுன்னு போனாரு, அதாவது 1,850 ரூபா லாபத்துக்கு ஒம்பது நாள் நின்னுருக்காரு.

சிலேட்டுக் கணக்கு மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டினேன். ஒரு டிரிப்புக்கு 22,000 நிக்குதுன்னு வெச்சுக்குவோம். போயிட்டு வர 12 நாள் ஆனா மாசத்துக்கு ரெண்டரை டிரிப், 55,000. தேவை 63,300. நஷ்டம். அதே டிரிப், அதே வாடகை, 8 நாள்ல திரும்புனா 82,500. வாடகை ஒரு ரூபா ஏறல.

எடுத்த முடிவும் காரணமும்

முதல்ல, ஊர் ஊரா சுத்தறதை நிறுத்தி ஒரே லைன்ல ஓடறதுன்னு முடிவு. எந்த லைன்? இங்க எல்லாரும் இங்கிருந்து என்ன போகுதுன்னுதான் பாப்பாங்க. நாங்க திருப்பிப் பாத்தோம், நாமக்கல்லுக்கு தினம் என்ன வந்தே ஆகணும்? கோழித் தீவனம். மக்காச்சோளம் கர்நாடகாவுல தாவணகெரே, ஹாவேரி பக்கத்துல இருந்து வருது, சோயா புண்ணாக்கு மகாராஷ்டிராவுல லாத்தூர் பக்கத்து எண்ணெய் மில்லுகள்ல இருந்து வருது. முட்டை விலை ஏறினாலும் இறங்கினாலும் கோழி ஞாயித்துக்கிழமையும் திங்கும். ரிட்டன் லோடு உறுதியா இருக்கற ஊரைத் தேர்ந்தெடுத்துட்டு, அங்க போறதுக்கு இங்கிருந்து என்ன கிடைக்கும்னு அப்புறம் பாத்தோம். அதுக்கு விடை ராசிபுரத்துலயே இருந்துச்சு, ஜவ்வரிசி. ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து சேகோ பேக்டரி சரக்குல பெரிய பங்கு மகாராஷ்டிராவுக்கும் குஜராத்துக்கும்தான், அங்க விரத நாள்ல சாபுதானா (ஜவ்வரிசிதான்) இல்லாம ஆகாது, ஷ்ராவண மாசமும் நவராத்திரியும் நெருங்கறப்ப லோடு வரிசை கட்டி நிக்கும். புனே வரைக்கும் போகாம சோலாப்பூர், லாத்தூர் மார்க்கெட்டுக்கு இறக்கற லோடா பாத்து எடுக்கறது, டன்னுக்கு நூறு நூத்தம்பது கம்மியா இருந்தாலும் பரவால்லன்னு முடிவு.

இந்த லைன்ல இன்னொரு லாபம், ஓசூர் தாண்டினா விஜயபுரா வரைக்கும் முழுக்க கர்நாடகா. அப்போ அங்க டீசல் 88க்கு உள்ள, நம்மூர்ல 94 சொச்சம். எல்லையில இருக்கற அத்திப்பள்ளி தாண்டி டேங்க்கை நிரப்பிக்கிட்டா போக வர 450 லிட்டர்ல 2,700 ரூபா மிச்சம். இதை அப்போ எல்லா டிரைவரும் செஞ்சதுதான், ஆனா நாக்பூருக்கோ விஜயவாடாவுக்கோ ஓடினவங்களுக்கு இவ்வளவு நிக்கல.

ரெண்டாவது, புரோக்கர் ஒம்பது பேரை மூணா குறைச்சது. எப்படிப் பிரிச்சோம்னா பாக்கி எத்தனை நாள்ல வந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி, இருபது நாளுக்கு மேல இழுத்தவங்களை எல்லாம் அடிச்சுட்டோம். அதுல ஒருத்தர் நெருங்கின சொந்தம், ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம போச்சு.

மூணாவது எடை. சோயா ஏத்தினதும் மில்லுல போடற எடை சீட்டு இருந்தாலும், வெளில வந்து தன் காசுல தனி எடை மேடையில இன்னொரு தடவ போட்டு சீட்டு வாங்கறது. வெட்டிச் செலவுன்னு மத்தவங்க சிரிச்சாங்க. சோயா கிலோ 45க்கு பக்கத்துல ஓடிட்டிருந்த நேரம், நூறு கிலோ குறைஞ்சா 4,500 வாடகைல கழிச்சுடுவாங்க, அப்போ ஏத்தின எடத்துல குறைச்சுட்டானா, ரோட்டுல போச்சா, இறக்கற எடத்து மேடை சரியில்லையான்னு சொல்ல நம்ம கையில ஒரு பேப்பர் வேணும்.

மில்லு வாசல்

பிப்ரவரில இருந்து மே வரைக்கும் புரோக்கர் மூலமாவே லாத்தூர் லைன் ஓடினாரு. பத்து நாளைக்கு ஒரு டிரிப் வந்துச்சு, டியூ பவுன்ஸ் ஆகல, அவ்வளவுதான். வாடகைல கமிஷன் போகுது, இறக்கறதுக்கு கேட்ல நிக்கறதும் குறையல.

மாத்தினது ஒரு சின்ன விஷயம். நாமக்கல் பக்கத்துல ஒரு தீவன மில்லு, இவரு அங்க ஆறேழு லோடு இறக்கியிருக்காரு. ஏப்ரல்ல அங்க ஸ்டோர்ல இருக்கறவரு ஒரு லோடுல 110 கிலோ குறையுதுன்னு எழுதப் போனாரு. இவரு சத்தம் போடல. கவர்ல இருந்து அஞ்சு லோடோட எடை சீட்டை எடுத்து டேபிள்ல வரிசையா வெச்சாரு, ஏத்தின மில்லு சீட்டு, வெளி மேடை சீட்டு, இவங்க சீட்டு, ஒவ்வொண்ணுலயும் வித்தியாசம் இருபது முப்பது கிலோதான், இன்னைக்கு மட்டும் எப்படிங்க 110 வரும்னாரு. ஸ்டோர்காரரு வண்டிய இன்னொரு தடவ மேடை ஏத்தச் சொன்னாரு. முதல் தடவ பின் சக்கரம் மேடை ஓரத்துல ஏறி நின்னுருக்கு. மறு எடைல வித்தியாசம் 25 கிலோ.

அதுக்கு அப்புறம் அவரே டீ வாங்கிக் குடுத்து, நீங்க யாரு வண்டிங்க, எந்த புரோக்கர் மூலமா வர்றீங்கன்னு விசாரிச்சிருக்காரு. மறுவாரம் இவரு பர்ச்சேஸ் மேனேஜரைப் போய் பாத்தாரு, நேரடியா வண்டி குடுக்கறேன்னு. பதில், "ஒத்தை வண்டிய நம்பி நாங்க எப்படிங்க சரக்கு வாங்கறது? நாளைக்கு உங்க வண்டி பட்டறைல நின்னா எங்க கோழி பட்டினி கிடக்குமா?" கேள்வி நியாயமானதுதான்.

இங்க என்னோட தப்பு ஒண்ணைச் சொல்லணும். நான், எழுத்துல ஒப்பந்தம் கேளுங்க, டீசல் ஏறினா வாடகை ஏறணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கன்னு அவரை அனுப்பினேன். மேனேஜரு பேப்பரை வாங்கிப் படிச்சிட்டு டிராயர்ல போட்டுட்டாரு, மூணு வாரம் கூப்பிடவே இல்ல. வாசல்லயே நிக்கறவன் சட்டம் பேசற மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் இவரே ஒரு வழி பண்ணாரு. தன்ன மாதிரி ஒத்தை வண்டி வெச்சு ஓட்டற மூணு பேரைச் சேர்த்தாரு, ரெண்டு பேரு முன்னாடி ஒரே ஓனர்கிட்ட கூட ஓட்டினவங்க, ஒருத்தரு சித்தப்பா முறை. நாலு வண்டி ஒரு செட்டு. எந்த நாள் கூப்பிட்டாலும் லாத்தூர் லைன்ல ரெண்டு வண்டியாவது இருக்கும், ஒரு வண்டி நின்னா இன்னொண்ணு வரும்னு மேனேஜர்கிட்ட வாயாலயே சொல்லிட்டு வந்தாங்க. மே கடைசில சரின்னுட்டாங்க. மூத்தவரு சித்தப்பா பேர்லதான் எல்ஆர் புக் அடிச்சோம். எல்ஆர் போட்டா ஜிஎஸ்டி கணக்குல டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி ஆயிடுவோமேன்னு பயந்தாங்க, ஆனா இந்த மில்லு கம்பெனியா இருக்கறதால 5 சதவீத வரியை அவங்களே கட்டிக்கறாங்க. பத்து வண்டிக்கு மேல இல்லாதவங்க பான் நம்பரோட ஒரு டிக்ளரேஷன் எழுதிக் குடுத்தா பில்லுல டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) புடிக்க மாட்டாங்க, அதையும் முதல் பில்லோடவே குடுத்துட்டோம். இதை மறந்துட்டு வருஷக் கடைசில ரீஃபண்டுக்கு அலையறவங்க என்கிட்ட நிறைய பேரு.

நேரடி லோடுல யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒண்ணு, அட்வான்ஸ் கிடையாது. புரோக்கர்னா கமிஷன் எடுத்தாலும் ஏத்தினதும் எம்பது சதம் கையில வந்துரும். மில்லு இறக்கி பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் பேங்க்ல போடும். ஒரு வழிக்கு டீசல் 22,000, டோல் 5,000, கூலி சாப்பாடு இதர 4,500. ரெண்டு டிரிப்புக்கு முன் பணம் இல்லேன்னா நேரடி லோடு கிடைச்சும் பிரயோஜனம் இல்ல. அவரு ஓடிட்டிருந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாரு, பழைய பாக்கில 70,000 வசூல் பண்ணாரு. மீதி 68,000ல பாதி இன்னைக்கு வரைக்கும் வரல.

சறுக்கின இடம்

2023 தீபாவளி நவம்பர் 12. அதுக்கு முந்தின வாரம் பார்சல் வாடகை எகிறும், எல்லாருக்கும் தெரியும். செட்டுல ஒருத்தரு லாத்தூர் போறேன்னு சொல்லிட்டு, பாதி வழில பெங்களூர்ல இருந்து ஒரு பார்சல் லோடு நல்ல வாடகைக்கு வர, திரும்பிட்டாரு. போனையும் ஆஃப் பண்ணிட்டாரு. மத்த மூணு வண்டில ஒண்ணு பட்டறைல, ரெண்டு பாரத்தோட ரோட்டுல. மில்லோட சரக்கு லாத்தூர்ல நாலு நாள் கிடந்துச்சு. அவங்க புரோக்கர் வண்டி புடிச்சு, கூடுதல் வாடகை 6,500ஐ எங்க பில்லுல கழிச்சுட்டாங்க.

செட்டு அன்னைக்கே உடைஞ்சிருக்கும். சித்தப்பா நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. போனவரு பாதி, மத்த மூணு பேரு மீதிய பங்கு போட்டுக்கறதுன்னு ஆச்சு. விலகணும்னா மூணு நாள் முன்னாடி சொல்லணும், சொன்னா யாரும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு பேசி முடிவாச்சு. இவரு மறுநாளே மேனேஜரை நேர்ல போய் பாத்து நடந்ததை மறைக்காம சொல்லிட்டாரு. லோடு நிறுத்தல.

மழைக்காலத்துல இன்னொண்ணு. ஜூலைல ஹூப்ளி தாண்டி விடிய விடிய மழை, ஜவ்வரிசி லோடு, மேல் தார்பாய்ல சாண் அகலத்துக்கு கிழிசல். இறக்கறப்ப மேல் வரிசைல ஏழு மூட்டை நனைஞ்சு கட்டி தட்டிப் போச்சு, 90 கிலோ மூட்டை. மூட்டை விலையே கழிச்சாங்க. அன்னைல இருந்து ரெண்டு தார்பாய், அடியில ஒண்ணு மேல ஒண்ணு, கயிறு இழுத்துக் கட்டி முடிச்சதும் டார்ச் அடிச்சு ஓட்டை பாக்கறது க்ளீனர் பையனோட வேலை.

பத்து மாச கணக்கு

ஜூன் 2023ல இருந்து மார்ச் 2024 வரை 305 நாள். லாத்தூர் லைன் 29 டிரிப், ஒவ்வொண்ணும் சராசரி 8 நாள். அக்டோபருக்கு மேல மக்காச்சோள சீசன்ல, சோயா லோடு தாமதமான நாள்ல சும்மா நிக்காம, தாவணகெரேல இருந்து அதே மில்லுக்கு சோளம் 14 டிரிப், போக வர 4 நாள். மீதி 17 நாள் பட்டறையும் வீடும். முன்ன 153 நாள்ல 41 நாள் ரிட்டனுக்கு நின்னவரு, இந்த 305 நாள்ல நின்னது 12 நாள், அதுவும் டிரிப் நாளுக்குள்ளயே அடங்கினது.

லாத்தூர் டிரிப்புக்கு சராசரி 23,500 நின்னுது, தாவணகெரேக்கு 9,000. மொத்தம் 8,07,500, மாசம் 80,750. டியூ 45,300, ஒதுக்கற 18,000 போக கையில 17,450. இதோட தன் பேட்டாவ (தினப்படி) டிரிப் செலவுல எடுத்துக்கறாரு. சம்பளத்துக்கு ஓட்டினப்ப கிடைச்சதை விட இது பெருசா கூட இல்ல, அதையும் சொல்லணும், ஏன்னா ஓனர் ஆனா லட்சம் லட்சமா வரும்னு நம்பி வண்டி எடுக்கறாங்க. டியூ முடியற வரைக்கும் இது சம்பளக்காரன் வருமானம்தான், வண்டி மட்டும் நம்ம பேர்ல நிக்குது.

திரும்ப ஆரம்பிச்சா

இதை அவருகிட்டயே கேட்டேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே மில்லு மில்லா ஏறி இறங்கி, உங்களுக்கு எந்த ஊர்ல இருந்து சரக்கு வருது, பாக்கி எத்தனை நாள்னு கேட்டிருப்பேன்னாரு. டிரைவரா பதினோரு வருஷம் அதே கேட்டுக்குள்ள போயிட்டு வந்தவரு, ஒரு நாளும் உள்ள இருக்கறவங்க பேரைக் கேட்டது இல்ல.

கடனை நாலு லட்சம் குறைச்சு, பழைய மாடலா இருந்தாலும் பரவால்லன்னு எடுத்திருப்பேன்னும் சொல்றாரு. இதுல எனக்கு உடன்பாடு இல்ல, பழைய வண்டில பட்டறை நாள் கூடும், எட்டு வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) வேற. நான் சொல்றது, வண்டி விலைல முழுப் பணத்தையும் முன்பணமா கொட்டாம ஒரு லட்சம் டிரிப் செலவுக்குன்னு தனியா நிறுத்தியிருக்கணும். ரெண்டு பேரும் இதுல இன்னும் ஒத்து வரல.

நான் மாத்திக்கிட்டது ஒண்ணு. புதுசா கணக்குக்கு வர்றவங்ககிட்ட இப்பெல்லாம் வாடகை எவ்வளவுன்னு முதல்ல கேக்கறது இல்ல, அந்த 153 நாள் பேப்பர் மாதிரியே ஒரு வெறும் கட்டம் போட்ட தாளைக் குடுத்து மூணு மாசம் நிரப்பிட்டு வாங்கன்னு அனுப்பறேன். பாதிப் பேரு திரும்ப வர்றது இல்ல.

மார்ச் கடைசில அவருக்கு இன்னும் 23 டியூ பாக்கி. பைனான்ஸ்ல இருந்து ரெண்டாவது வண்டிக்கு போன் பண்ணாங்க, டிரைவர் கிடைக்கறது கஷ்டம், இப்ப வேண்டாம்னு சொல்லிட்டாரு. க்ளீனர் பையனுக்கு ஹெவி லைசென்ஸ் எடுக்க ராசிபுரத்துல டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டியிருக்காரு.